சதுப்பு ஈயைப் படம் பார்த்து அடையாளம் காண்பது எப்படி?

சிங்கப்பூரின் கிராஞ்சி போன்ற நன்னீர்ச் சதுப்பின் கரையில், தண்ணீரை ஒட்டி வளர்ந்திருக்கும் கோரையிலோ புல்லிலோ, தலை கீழே பார்க்க அசையாமல் உட்கார்ந்திருக்கும் மெலிந்த ஈ ஒன்று கண்ணில் பட்டால், நடையை நிறுத்தி இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது சதுப்பு ஈயாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கடிக்காது. ரத்தம் குடிக்காது. பனித்துளி, பூந்தேன், செத்த சிற்றுயிர்களின் கசிவு என்று கிடைப்பதை நக்கிக்கொண்டு வாழும் சாதுவான பிராணி. ஆனால் அதன் புழுப் பருவம் அப்படி இல்லை. நத்தையைக் கொன்று தின்றுதான் அந்தப் புழு வளர்கிறது.

பூச்சிகளைப் படம் எடுக்க இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வார இறுதியில் கைப்பேசியோடு பூங்காவுக்குப் போய்விட்டு, வீட்டுக்கு வந்ததும் திரையைப் பெரிதாக்கி ‘இது என்னவாக இருக்கும்’ என்று தேடுகிறவர்கள் நம்மில் நிறைய பேர். வண்ணத்துப்பூச்சிக்கும் தும்பிக்கும் வழிகாட்டி நூல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஈக்கள் பக்கம் வந்தால் கை காட்ட ஆளில்லை. அதனால் ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, ஒரு படத்தை எப்படிப் படிப்பது, அந்தப் படத்தை நம்பி எதுவரை பெயர் சொல்லலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பார்ப்போம். சதுப்பு ஈயில் பழகிய கண் மற்ற ஈக்களிடமும் சரியான இடத்தைத் தேடிப் பார்க்கும்.

சதுப்பு ஈக்கள் சையோமைசிடே என்ற குடும்பம். உலகம் முழுக்க 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. உடல் நீளம் 2 மி.மீ.யிலிருந்து 14 மி.மீ. வரை. நத்தைக்கொல்லி ஈ என்றும் இவற்றைச் சொல்வார்கள். இவற்றின் புழுக்கள் நத்தையை உண்டு வாழ்வதை முறையாக ஆராய்ந்து உலகுக்குக் காட்டியவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிளிஃபர்ட் பெர்க். 1950களில் அவர் தொடங்கிய வேலை அது. நத்தையைத் தின்னும் ஈ என்றதும் வேளாண்மைத் துறையினர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கால்நடைகளின் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழு நன்னீர் நத்தைக்குள் வளர்ந்துதான் பரவுகிறது. நத்தையைக் குறைத்தால் நோய் குறையும் அல்லவா? அந்த எண்ணத்தில் மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சதுப்பு ஈ இனத்தை 1950களின் இறுதியில் ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது அங்கே நிலைத்தும்விட்டது.

நம் வட்டாரத்தில், அதாவது தென்கிழக்காசியாவின் வயல், குட்டை, வாய்க்கால் ஓரங்களில், படம் எடுக்கிறவர் கண்ணில் எளிதில் படுவது செப்பீடான் என்ற பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி. கீழே நான் சொல்லும் அடையாளங்கள் பெரும்பாலும் செப்பீடானை மனத்தில் வைத்தே. இதை முன்கூட்டியே சொல்லக் காரணம் உண்டு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதிய நூல்களைப் புரட்டினால், சதுப்பு ஈ என்றாலே இறக்கை முழுக்கப் புள்ளியும் வலைப்பின்னலுமாக இருக்கும் என்று தோன்றிவிடும். அங்கே அப்படிப்பட்ட பேரினங்கள் உண்டு. செப்பீடானின் இறக்கையோ தெளிவாக, லேசான பழுப்புச் சாயலோடு, அலங்காரம் எதுவும் இல்லாமல் இருக்கும். புள்ளியைத் தேடிக்கொண்டு போனால் கண்ணெதிரே உட்கார்ந்திருப்பதைத் தவறவிட்டுவிடுவோம்.

முதல் கேள்வி: இது ஈதானா?

கேட்க எளிதாக இருந்தாலும், இதைத் தாண்டிய பிறகுதான் மற்றவை. ஈக்கு இறக்கை இரண்டே இரண்டு. குளவிக்கும் தேனீக்கும் நான்கு. படத்தில் இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் எண்ணிப் பார்க்க முடியாது. அப்போது இறக்கை முளைக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் பாருங்கள். ஒரு சிறு காம்பும் அதன் நுனியில் ஒரு குமிழும் தெரிந்தால் அது ஈ. பறக்கும்போது உடலைச் சமன்செய்ய உதவும் உறுப்பு அது. பின்னிறக்கைதான் காலப்போக்கில் அப்படி மாறியிருக்கிறது. செப்பீடான் மெலிந்த உடலும் முன்னோக்கி நீண்ட உணர்கொம்பும் கொண்டது என்பதால், தூரத்திலிருந்து எடுத்த படத்தில் அதைச் சின்னக் குளவி என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் பலர்.

உணர்கொம்பில் நேரம் செலவிடுங்கள்

செப்பீடானை அடையாளம் காண ஒரே ஒரு உறுப்பைத்தான் பார்க்கலாம் என்று யாராவது கட்டுப்படுத்தினால், நான் உணர்கொம்பைக் கேட்பேன். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுவோம்.

வீட்டு ஈயின் முகத்தை நெருக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? அதன் உணர்கொம்பு குட்டையானது. முகத்தின் நடுவில் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டு இருக்கும். பக்கவாட்டுப் படத்தில் அது இருப்பதே சட்டென்று தெரியாது. செப்பீடானில் நேர்மாறு. உணர்கொம்புகள் இரண்டும் நெற்றியிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கைப்பேசியில் எடுத்த சுமாரான படத்தில்கூட தலைக்கு முன்னால் இரண்டு கோடுகளாகத் தெரிந்துவிடும்.

இன்னும் நெருங்கிப் போகலாம். இந்த வகை ஈக்களின் உணர்கொம்பில் மூன்று பகுதிகள் உண்டு. தலையோடு ஒட்டிய முதல் பகுதி மிகச் சிறியது. அடுத்தது இரண்டாம் பகுதி. சாதாரணமாக அதுவும் குட்டையாகத்தான் இருக்கும். செப்பீடானில் இந்த இரண்டாம் பகுதி நீண்டு, ஒரு சிறிய உருளைத் தண்டாகவே நிற்கும். அதன் நுனியில் மூன்றாம் பகுதி, கூராகக் குறுகிக்கொண்டே போகும். மூன்றாம் பகுதியின் மேல் விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய இழை கிளம்பும். அதற்கு அரிஸ்டா என்று பெயர். அரிஸ்டா நுனியிலிருந்து கிளம்பாமல் மேல் விளிம்பிலிருந்து கிளம்புகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

ஆக, படத்தைப் பெரிதாக்கி நீங்கள் கேட்க வேண்டியவை: உணர்கொம்பு முன்னோக்கி நீள்கிறதா? அதில் இரண்டாம் பகுதி நீளமா? அரிஸ்டா எங்கிருந்து கிளம்புகிறது? மூன்றுக்கும் பதில் சாதகமாக வந்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்துவிட்டது.

மீதி உறுப்புகள்

பக்கவாட்டில் பார்த்தால் செப்பீடானின் தலை உருண்டையாக இருக்காது. முகம் சரிந்து இறங்கி, தலை முக்கோணம்போல முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். பின்னங்கால்களும் கவனிக்கத்தக்கவை. முன்காலையும் நடுக்காலையும்விடப் பின்னங்கால் நீளம் அதிகம். தொடைப்பகுதி பருத்திருக்கும். தொடையின் அடிப்பக்கத்தில் குட்டைக் குட்டையாக முட்கள் வரிசையாக இருக்கும். அந்தக் கால்களை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது தவளை பாயத் தயாராவது மாதிரி ஒரு தோற்றம் வரும். நிறம் இனத்துக்கு இனம் மாறும். செம்பழுப்பு, ஈயச் சாம்பல், நீலம் கலந்த கருப்பு என்று பல உண்டு. ஆகவே நிறத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

பூச்சியியல் நூல்கள் சொல்லும் வேறு சில அடையாளங்களும் உண்டு. முகத்தின் கீழ் மூலையில் பெரிய முள்மயிர் இருக்காது. இறக்கையின் முன் விளிம்பு நரம்பு எங்கும் அறுபடாமல் ஓடும். கீழ்க்கால்களில் நுனிக்குச் சற்று முன்பாக ஒரு முள்மயிர் நிற்கும். இவை குடும்பத்தை உறுதிப்படுத்தும் நல்ல சான்றுகள். ஆனால் உருப்பெருக்கியின் கீழே பூச்சியை வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்காக எழுதியவை. நல்ல மேக்ரோ லென்ஸில், காற்று அசைக்காத காலையில், அதிர்ஷ்டமும் இருந்தால் படத்தில் தெரியும். தெரிந்தால் விடாதீர்கள். தெரியாவிட்டால் ‘இருக்கும்’ என்று ஊகித்து எழுதிவிடாதீர்கள்.

படத்துக்கென்று ஒரு தனிச் சிறப்பும் உண்டு. அருங்காட்சியகப் பெட்டியில் ஊசி குத்தி வைத்த ஈயில் கண்ணின் நிறமும் பளபளப்பும் பெரும்பாலும் மங்கிப் போயிருக்கும். அது எப்படி உட்கார்ந்திருந்தது, எந்தச் செடியில் இருந்தது என்பதும் சீட்டில் எழுதியிருந்தால்தான் உண்டு. உயிரோடு எடுத்த படத்தில் எல்லாம் அப்படியே பதிவாகிவிடுகிறது. சதுப்பு ஈயைப் பொறுத்தவரை, தண்டில் தலைகீழாக அமரும் பழக்கமே ஒரு துப்பு. அதனால் படத்தைச் சுழற்றி, ஈ நிமிர்ந்து நிற்பதுபோல ‘அழகாக்கி’ வைக்காதீர்கள். அழகுக்காக எடுப்பது வேறு, அடையாளத்துக்காக எடுப்பது வேறு.

யாரோடு குழம்பும்?

சிங்கப்பூரில் இலைகளின்மேல் அடிக்கடி படமெடுக்கப்படும் ஈ, உலோகப் பச்சையில் மின்னும் சின்ன நெடுங்கால் ஈ. டோலிகோபோடிடே குடும்பம். அந்த மினுமினுப்பே போதும், ஒதுக்கிவிடலாம். பழ ஈக்களின் இறக்கையில் பட்டைகள் இருக்கும். பெண் ஈயின் வால்புறம் முட்டையிடும் குழலாகக் கூர்ந்திருக்கும். அதுவும் எளிது. பின்தொடை பருத்த பூ ஈ ஒன்று உண்டு, சிரிட்டா என்று பெயர். தொடையைப் பார்த்து ஏமாறக் கூடாது. உணர்கொம்பு குட்டையாக இருப்பதைப் பார்த்ததும் தெளிந்துவிடும்.

மைக்ரோபெசிடே குடும்பத்து ஈக்கள் கொக்குக்கால்களோடு நம் பூங்காக்களில் உலாவும். அவற்றின் முன்னங்கால்கள் மற்ற கால்களைவிடக் குட்டை. அந்த முன்னங்கால்களை முகத்துக்கு முன்னால் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கும். படத்தில் உணர்கொம்புபோலத் தெரிவது சில நேரம் அந்த முன்னங்கால்தான். கால்களை எண்ணுங்கள். ஆறும் தரையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பிறகு உணர்கொம்பைப் பற்றிப் பேசலாம்.

உண்மையில் ஆளைக் குழப்புவது நேரியிடே குடும்பம். மெலிந்த உடல், நீண்ட கால், உணர்கொம்பும் முன்னோக்கி நீண்டிருக்கும். இங்கேதான் அரிஸ்டா கைகொடுக்கிறது. நேரியிடேயில் அரிஸ்டா உணர்கொம்பின் நுனியிலிருந்து கிளம்பும். செப்பீடானில் மேல் விளிம்பிலிருந்து. இந்த ஒரு வித்தியாசம் படத்தில் தெளிவாகத் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. தெரியவில்லையா? இடத்தைக் கேளுங்கள். நேரியிடே ஈக்கள் அடிபட்ட மரத்தின் பட்டையிலும், அழுகும் பழத்திலும், மட்கிய கட்டையிலும் கூடும். தண்ணீரோரப் புல்லில் தலைகீழாக உட்கார்ந்திருக்கும் பழக்கம் அவற்றுக்கு இல்லை.

அடுத்தது லாக்சானியிடே. இவை சிறியவை, பெரும்பாலும் மஞ்சள் கலந்த பழுப்பு, நிழலான இடங்களில் இலைமேல் உட்காரும். செப்பீடானோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். ஆனால் சதுப்பு ஈக் குடும்பத்தின் மற்ற சிறிய பேரினங்களோடு நிச்சயம் குழம்பும். இரண்டையும் பிரிப்பதற்கு நூல்கள் சொல்லும் வழி, பின்னந்தலையில், உச்சியில் சிறு புள்ளிகளாக இருக்கும் எளிய கண்களுக்குப் பின்னால் நிற்கும் ஒரு ஜோடி முள்மயிர்கள். லாக்சானியிடேயில் அவை ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து நெருங்கும். சதுப்பு ஈயில் இணையாகவோ விலகியோ போகும். 5 மி.மீ. ஈயின் பின்னந்தலை மயிர் எத்தனை படங்களில் தெரியும்? அரிது. அதனால்தான் சின்னப் பழுப்பு ஈ என்றால், படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், நான் அவசரப்படுவதில்லை.

ஒரு படத்தை உட்கார்ந்து படித்தபோது

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பூச்சிப் பைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. “அக்கா, பீஷான் பூங்காவுல ஆத்தோரமா எடுத்தேன். குளவியா, ஈயா?” மேலிருந்து எடுத்த படம். இறக்கை முதுகின்மேல் படிந்திருந்தது. உடல் நிறம் செம்பழுப்பு. தலைக்கு முன்னால் இரண்டு கோடுகள் தெரிந்தன, ஆனால் மங்கல்.

“பக்கவாட்டுல எடுத்தது ஏதாவது இருக்கா தம்பி?” என்று கேட்டேன். இருந்தது. ‘சரியா வரல’ என்று அவர் ஒதுக்கி வைத்திருந்த படம். வயிறும் இறக்கையும் குவியத்தில் இல்லை, தலை மட்டும் கூர்மையாக விழுந்திருந்தது. அடையாளத்துக்கு அதுதான் தங்கம். பெரிதாக்கினால் இரண்டாம் பகுதி நீண்ட தண்டாக நிற்கிறது. மூன்றாம் பகுதி கூராக முடிகிறது. அரிஸ்டா வெளுத்த இழையாக மேல் விளிம்பிலிருந்து கிளம்புகிறது. முகம் சரிவு. ஓரத்தில் மங்கலாகத் தெரிந்த பின்தொடையும் பருமன். அமர்ந்திருந்தது தண்ணீரைத் தொட்டு நிற்கும் புல், தலை கீழ்நோக்கி. “செப்பீடான். தாராளமா எழுதிக்கோங்க” என்றேன்.

“எந்த இனம்கா?” அடுத்த செய்தி உடனே வந்தது. அதற்கு மேல் படம் பேசாது என்று சொல்ல வேண்டியிருந்தது. செப்பீடான் இனங்கள் பலவற்றைப் பிரிப்பதற்கு ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். வயிற்றின் நுனியில், அடிப்பக்கமாக மடங்கி இருக்கும் உறுப்பு அது. புல்லில் உட்கார்ந்திருக்கும் ஈ அதைக் காட்டிக்கொண்டு இருப்பதில்லை. பெண் ஈ என்றால் அந்த வழியும் கிடையாது. தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் பேரினம்வரை உறுதியாகச் சொல்லும் ஒரு பதிவு, இனப்பெயரைத் தாங்கிய ஊகப் பதிவைவிடப் பல மடங்கு பயனுள்ளது. பிற்காலத்தில் ஓர் ஆய்வாளர் செப்பீடான் பதிவுகளையெல்லாம் திரட்டும்போது, தவறான இனப்பெயரில் கிடக்கும் படம் அவர் கைக்கே வராமல் போகலாம். தவறான இடத்தில் ஒரு புள்ளியாகப் பரவல் வரைபடத்தில் நின்றுவிடவும் கூடும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பெயர் பரிந்துரைக்கும் செயலிகள். உயிரினப் படங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றினால் சில நொடிகளில் பெயர்ப்பட்டியல் வந்துவிடும். நல்ல வசதி, நானும் பயன்படுத்துகிறேன். அந்தக் கணினி, தனக்கு முன்பு காட்டப்பட்ட படங்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. அதிகம் படமெடுக்கப்பட்ட இனத்தின் பக்கம் அது சாயும். அரிஸ்டா எங்கிருந்து கிளம்புகிறது என்று நீங்கள் பார்த்துச் சரிபார்க்காதவரை அது ஒரு குறிப்பு மட்டுமே. இன்னொருவர் வந்து நீங்கள் எழுதிய பெயரையே ஆமோதித்தால் பதிவு ‘ஆய்வுத் தரம்’ என்ற, ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய நிலைக்கு உயர்ந்துவிடலாம். அந்த இன்னொருவரும் கணினியின் பட்டியலைப் பார்த்துத்தான் ஆமோதித்தார் என்றால், இருவருமே சரிபார்க்காத ஒரு பெயர் உறுதியானதாகப் பதிந்துவிடும். பரிந்துரை இனம்வரை இறங்கினாலும் பேரினத்திலோ குடும்பத்திலோ நிறுத்திப் பதிவு செய்ய அங்கே வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

எப்படி எடுப்பது?

விலையுயர்ந்த கேமரா வேண்டியதில்லை. மேக்ரோ வசதியுள்ள கைப்பேசியோ, அதன்மேல் கவ்விக்கொள்ளும் சிறிய லென்ஸோ போதும். பொறுமைதான் முக்கியம். முதலில் தூரத்திலிருந்தே ஒன்று எடுத்துவிடுங்கள். பறந்துவிட்டாலும் ஏதாவது மிஞ்சும். பிறகு உங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி மெல்ல நெருங்குங்கள். செடியைத் தொடாதீர்கள், ஆட்டம் கண்டதும் போய்விடும். காலை வெயில் ஏறுவதற்குள் போனால் பூச்சிகள் மந்தமாக இருக்கும், நெருங்க விடும்.

பக்கவாட்டுப் படம்தான் முதல் தேவை. குவியம் கண்ணிலோ உணர்கொம்பிலோ விழட்டும். வால் மங்கினால் பரவாயில்லை. அடுத்தது மேலிருந்து ஒன்று, இறக்கை நரம்புகள் தெரியும்படி. முடிந்தால் முகத்துக்கு நேராக. கடைசியாக நான்கடி பின்னால் வந்து, ஈ இருந்த செடியும் தண்ணீரும் சேர்ந்து வருகிற மாதிரி ஒன்று. பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படத்தைத்தான். அளவு தெரிய வேண்டுமானால், ஈ பறந்துபோன பிறகு அதே இலையின்மேல் ஒரு நாணயத்தையோ சிறிய அளவுகோலையோ வைத்து எடுத்துக்கொள்ளலாம். பிளாஷ் போடுகிறவர்கள் அதன்முன் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். பளபளக்கும் உடலில் நேரடி வெளிச்சம் பட்டால் மயிர்களெல்லாம் வெள்ளைப் பொட்டில் மறைந்துவிடும்.

பிடித்துக்கொண்டு வந்து பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதியின்றி உயிரினங்களைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி பெற்ற ஆய்வாளர்களுக்கு மட்டுமே அது முடியும். நம் வேலை படத்தோடு நிற்கட்டும்.

எங்கே தேடலாம்?

நத்தை இருக்கும் இடம்தான் முகவரி. அதுவும் நன்னீர் நத்தை, கரையில் புல் அடர்ந்த ஆழமில்லாத தண்ணீர். கிராஞ்சி சதுப்புநிலம் இதற்குப் பொருத்தமான இடம். 1970களில் கிராஞ்சி நீர்த்தேக்கம் உருவானபோது தாழ்வான நிலத்தில் தண்ணீர் ஏறி உண்டான நன்னீர்ச் சதுப்பு அது. 2016இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உட்பகுதி பாதுகாக்கப்பட்டது, வழிகாட்டியோடுதான் போக முடியும். ஆனால் நடைபாதை ஓரத்திலேயே பார்ப்பதற்கு நிறைய உண்டு. பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆறு முன்பு கான்கிரீட் கால்வாய்க்குள் ஓடியது. இப்போது புல்கரைகளுக்கு இடையே வளைந்து ஓடுகிறது. வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) பேட்டையிலிருந்து ஐந்து நிமிடத்தில் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய நீரோரம் அது. ஜூரோங் ஏரித் தோட்டத்தின் நன்னீர்ச் சதுப்புப் பகுதிகளும் நல்லவை. மழை கொட்டும்போது ஆற்றோரத்தில் நிற்காதீர்கள், தண்ணீர் மட்டம் வேகமாக ஏறும்.

சதுப்பு என்றதும் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தைப் பலர் முதலில் நினைப்பார்கள். அற்புதமான இடம், மறுக்கவில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் அலையாத்திக் காடு. செப்பீடான் தேடிப் போகிறவர் அங்கே நன்னீர்க் குட்டைகளின் ஓரமாகப் பார்க்க வேண்டும். முதலைகள் உள்ள இடம் என்பதால் பாதையை விட்டு இறங்கவும் கூடாது.

ஈ மட்டுமே படமல்ல

பழகிய பிறகு, ஈயைச் சுற்றியுள்ளவற்றையும் எடுக்கத் தொடங்குவீர்கள். செப்பீடான் பெண் ஈ தண்ணீருக்கு மேலே நிற்கும் இலைகளிலும் தண்டுகளிலும் முட்டையிடுகிறது. நீளவாக்கில் பக்கம் பக்கமாக அடுக்கிய, மிகச் சிறிய வெளிறிய முட்டைகள். நம் குளங்களில் செடித்தண்டில் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை வெளிநாட்டிலிருந்து வந்து பரவிவிட்ட தங்க ஆப்பிள் நத்தையின் முட்டைகள், எட்டடி தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும். ஈயின் முட்டைக்கு முகத்தை இலையருகே கொண்டுபோக வேண்டும்.

முட்டையிலிருந்து வரும் புழு தண்ணீரில் இறங்கி, நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே மிதக்கிறது. அதன் பின்முனையில் காற்று இழுக்கும் துளைகளும், அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஒட்டாத மயிர்களும் உண்டு. அதை நீர்ப்பரப்பில் பதித்துக்கொண்டு மூச்சுவிடுகிறது. நன்னீர் நத்தைகளில் ஒரு பெரும் பிரிவு நுரையீரல் நத்தைகள். அவையும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இருவரும் சந்திக்கும் இடம் அந்த நீர்ப்பரப்புதான். இந்த நத்தைகளுக்கு ஓட்டின் வாயை அடைக்கும் மூடி கிடையாது. அதனால் புழு எளிதாக உள்ளே நுழைந்துவிடுகிறது. ஒன்றைத் தின்று முடித்ததும் அடுத்ததைத் தேடும். இப்படிப் பல நத்தைகளைக் கொன்ற பிறகே கூட்டுப்புழுவாகிறது. செப்பீடானின் கூடும் மிதக்கும், பின்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். கரையோரம் சேர்ந்த குப்பைக் கூளத்தில் பழுப்பு நிறத்தில், நெல்மணி அளவில் தட்டுப்படலாம்.

இவற்றைப் பதிவு செய்யும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே தண்டில் ஈ மேலேயும் முட்டை வரிசை கீழேயும் இருந்தாலும், அந்த முட்டைகள் அந்த ஈயுடையவை என்பதற்குப் படம் சாட்சி ஆகாது, அது முட்டையிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்திருந்தால் தவிர. அதனால் இரண்டையும் ஒரே பதிவில் சேர்க்காமல் தனித்தனியாகப் போடுங்கள். குறிப்பில் மட்டும் ‘அதே தண்டில் செப்பீடான் இருந்தது’ என்று எழுதி, இரண்டு பதிவுகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடலாம்.